உச்சிவேளைக்காரனுக்கு ஒரு செம்புத் தண்ணீர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மாத்திரை டப்பாவில்தான் வந்து நிற்கிறது. உங்களில் ஒருவருக்கு முட்டி, இன்னொருவருக்குத் தூக்கம், எனக்குத் தாகம். பகல் பன்னிரண்டு ஆனால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரையாக இருக்கும் என்று மகள் தில்லைநகரில் ஒரு லேப் விடாமல் அழைத்துப் போய் என் ரத்தத்தை எடுக்கவைத்தாள். சர்க்கரை இல்லை. டாக்டர் கடைசியில், "வெயில் ஊரும்மா இது, எல்லாருக்கும்தான் தாகம் எடுக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். என் தாகத்துக்குக் காரணம் பத்து வயதில் படித்த ஒரு புத்தகம் என்று அவரிடம் சொல்ல முடியுமா? வேறு மாதிரி டாக்டருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். உங்களிடம் சொல்லலாம். நீங்களும் அந்தக் காலத்துப் பைண்டுப் புத்தகம் படித்து வளர்ந்தவர்கள்தானே.

நம் வீடுகளில் இருந்த கதைப் புத்தகங்களில் பாதி கடையில் வாங்கியவை அல்ல. வாரப் பத்திரிகையின் பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் உருவி, டிரங்குப் பெட்டியில் சேர்த்து வைப்பார்கள். தொடர் முடிந்ததும் மொத்தமாகப் பைண்டு. எங்கள் வீட்டில் அந்த வேலை அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. புருஷன் வீட்டில் இல்லாமல் எங்களோடு இருந்தாள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. நெற்றியில் பொட்டு உண்டு, கழுத்தில் தாலி உண்டு, ஆனால் அத்தைக்கு மாமா என்று ஒருவர் இருந்ததாக அந்த வீட்டில் யாரும் வாய் திறந்து சொன்னதில்லை.

ஸ்ரீரங்கத்தில், வடக்கு வாசல் தாண்டிக் கொள்ளிடத்துக்குப் போகிற ரோட்டில் எங்கள் வீடு. கோயிலைச் சுற்றி இருந்தவர்கள் அந்த ஆற்றை வடதிருக்காவேரி என்பார்கள். எங்களுக்கு அது கொள்ளிடம்தான். சித்திரையில் அதில் தண்ணீர் கோடு மாதிரி ஓடும், மற்றதெல்லாம் மணல். அப்பா தினமும் பஸ் ஏறி மலைக்கோட்டை அடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போய் வந்தார். அங்கே பக்கத்துச் சந்தில்தான் பைண்டர் கடை. அட்டைக்கு வேண்டிய சிவப்புக் காலிகோத் துணியை அப்பாவே கடைத் துண்டுகளிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. புதுப் பசையின் புளித்த வாசனை. மைதாப் பசையில் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அதனால் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் வயிற்றைப் பிடுங்கும் என்று அத்தை முதலிலேயே மிரட்டி வைத்தாள். பைண்டர் ஓரம் வெட்டும்போது கொஞ்சம் தாராளமாகவே வெட்டிவிட்டார். பக்க எண்கள் எல்லாம் போய்விட்டன. சில இடங்களில் வரியின் கடைசி எழுத்தும் போயிருந்தது, நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

மொத்தம் பன்னிரண்டு கதைகள். ஒவ்வொன்றும் தனிக் கதை, ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஆள் வருவான். அவனுக்குப் பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் உச்சிவேளைக்காரன் என்பார்கள். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று, "தண்ணீர்" என்று கேட்பான். அந்த நேரத்தில் எல்லோருடைய நிழலும் காலடியில் சுருண்டிருக்கும். ஆகையால் அவனுக்கு நிழல் உண்டா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்காகவே அந்த நேரம் பார்த்து வருவான் என்று கதை சொன்னது. படி ஏற மாட்டான். உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டான். படம் போட்டவர் ஒரு கதையில்கூட அவன் முகத்தை வரையவில்லை, தலையில் போட்ட துண்டு மூக்குவரை இறங்கியிருக்கும்.

தண்ணீர் கொடுத்தால் குடித்துவிட்டுப் போய்விடுவான். அவன் போன வழியில் ஈரக் காலடி இருக்கும். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டில் ஏதோ ஒன்று இல்லாமல் போகும். நகை, பாத்திரம் இல்லை. ஒரு கதையில் தறிக்காரர் மனைவிக்குத் தாலாட்டு மறந்துபோகும். தொட்டிலை ஆட்டிக்கொண்டு வாயைத் திறப்பாள், ராகம் வராது. இன்னொன்றில் கோயில் மணியை எத்தனை இழுத்தாலும் சத்தம் கேட்காது. கல்யாணப் பெண் ஒருத்திக்குக் கண்ணாடியில் தன் உருவம் மட்டும் தெரியாது, பின்னால் நிற்கிற எல்லோரும் தெரிவார்கள். இதைப் படித்த பிறகு ஒரு மாதம் நான் கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்துத்தான் தலை வாரினேன். ஒவ்வொரு கதை முடிவிலும் கவிழ்த்த செம்பு ஒன்று சின்னதாக வரைந்திருக்கும். அதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு வரும், அப்பாடா, இந்த வீட்டுக் கதை முடிந்தது என்று.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா கண்ணயர்ந்த நேரத்தில் அத்தை எனக்கு இவற்றை வாசித்துக் காட்டுவாள். குரலை மாற்றிப் பயமுறுத்துகிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. அரிசியில் கல் பொறுக்குகிற நிதானத்தோடு வாசிப்பாள். அதனாலேயே பயம் அதிகமாகும். பதினோரு கதை வாசித்தாள். பன்னிரண்டாவதைத் தொடங்கச் சொன்னபோது, "அது வேணாம், விடு" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். வேண்டாம் என்றால் சும்மா இருக்கிற பிள்ளையா நான்?

அந்த வருஷம் பெரிய லீவில் அம்மா என் தம்பியைப் பெற்றெடுக்க லால்குடிக்குப் போயிருந்தாள். வீட்டில் அப்பா, அத்தை, நான். ஒரு நாள் அத்தை மிளகாய்ப் பொடி அரைக்க மில்லுக்குக் கிளம்பினாள். கோடையில் மில்லில் கூட்டம் அடிக்கும், வர ரெண்டு மணி நேரம் ஆகும். கதவைத் தாழ் போட்டுக்கொள், யார் வந்தாலும் திறக்காதே, பானையில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெரு முனை திரும்பும் முன்பே நான் புத்தகத்தை எடுத்துவிட்டேன்.

பன்னிரண்டாவது கதையில் ஒரு சிறு பெண் தனியாக இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். உச்சிவேளைக்காரன் வருகிறான், கேட்கிறான். பதினோரு வீட்டிலும் நடந்தது அவளுக்குத் தெரியும். வீட்டில் தண்ணீர் இல்லை என்கிறாள். அவன் நிற்கிறான், மறுபடி கேட்கிறான். அவள் மறுபடி இல்லை என்கிறாள். "அவள் கதவைச் சாத்தினாள்." அதோடு பக்கம் முடிந்தது. அடுத்து வெறும் காகிதம், அப்புறம் அட்டை.

எனக்குக் கை தட்ட வேண்டும் போல் இருந்தது. பெரியவர்கள் பதினோரு பேர் ஏமாந்தார்கள், ஒரு சின்னப் பெண் அவனைத் துரத்திவிட்டாள். கதை முடிந்ததற்கு அடையாளமான கவிழ்த்த செம்பு அந்தப் பக்கத்தில் இல்லை. அதை நான் கவனிக்கவில்லை. பக்க எண்ணும் இல்லாத புத்தகத்தில் ஒரு தாள் குறைவது பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோதே வாசலில் குரல் கேட்டது.

"யாரும்மா உள்ள? கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

கற்பனை செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது, கரகரப்பான, கொஞ்சம் கூச்சப்பட்ட குரல். எழுந்து கதவை ஒரு கை அகலம் திறந்தேன். யாருக்கும் திறக்காதே என்று சொன்னதை மறக்கவில்லை. ஆனால் கதையில் அந்தப் பெண் திறந்துதானே பேசினாள்? வெயில் கண்ணைக் குத்தியது. தெருவில் ஈ காக்கை இல்லை. கீழ்ப்படிக்கு வெளியே, மண்ணில், தலையில் துண்டு போட்ட ஒருவர் நின்றார். காலடியில் நிழல் பார்த்தேன். ஒரு கறுப்பு வட்டம்தான் இருந்தது, அது நிழலா செருப்பா என்று தெரியவில்லை.

எனக்குப் பயம்தான். அதோடு கர்வமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஆளை எப்படித் துரத்துவது என்று ஊரிலேயே எனக்கு மட்டும் தெரியும் என்கிற கர்வம். தண்ணீர் இல்லை என்றேன்.

அவர் துண்டை நெற்றிக்கு மேலே தள்ளி என்னைப் பார்த்தார். ஒடுங்கிய முகம், இடது புருவத்தைக் குறுக்கே பிளந்தாற்போல ஒரு வெட்டுத் தழும்பு. எனக்குப் பின்னால் கூடத்தில் மண்பானை ஈரத்துணி சுற்றி நின்றது. நான் நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லையா என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். படியில் கால் வைக்கட்டும் பார்க்கலாம் என்று நான் காத்திருந்தேன். வைக்கவில்லை. புத்தகத்தில் போட்டபடியே படிக்கு வெளியிலேயே நின்றார்.

"சரிம்மா. வீட்டுல இருக்கறவங்கள்லாம் நல்லா இருக்காங்களா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. கதவைச் சாத்தினேன்.

ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். எதிரே பூவரச மரத்தடியில் போய் நின்றார். ரொம்ப நேரம் நின்றார். எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொள்ளிடம் பக்கமாக நடந்தார். அவர் கண்ணுக்கு மறைந்ததும் நான் வெறுங்காலோடு வெளியே ஓடினேன், ஈரக் காலடி இருக்கிறதா என்று பார்க்க. மரத்தடியில் மண் மிதிபட்டுக் கிடந்தது, செருப்புத் தடம் ஒன்றன்மேல் ஒன்றாக. குதிகால் தேய்ந்த சாதாரணச் செருப்பு. அங்கிருந்து மணல்வரைக்கும் தடம் பிடித்துப் போனேன். எல்லாம் காய்ந்த தடம். தண்ணீர் குடிக்கவில்லை அல்லவா, அதனால்தான் ஈரம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கண் எதிரே அத்தனை சாட்சி கிடந்தும் புத்தகத்தை நம்பினேன்.

மணலில் உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. வீட்டுக்கு வந்து செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன், தாகம் அடங்கவில்லை. அத்தை மிளகாய்த்தூள் டின்னோடு வந்தபோது எனக்கு உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அப்பா வேலை முடிந்து வந்ததும் நான் அவரிடம் பெருமையாகவே சொன்னேன். உச்சிவேளைக்காரன் வந்தான், தண்ணீர் கேட்டான், நான் கொடுக்கவில்லை, துரத்திவிட்டேன்.

அப்பாவுக்கு அதற்குமேல் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தனியாக விட்டுப் போனதற்கு அத்தையைத் திட்டினார். பிறகு புத்தகத்தைத் திட்டினார். வெந்நீர் அடுப்பில் சிவப்புக் காலிகோ அட்டையோடு அதைத் திணித்தார். மயில்துத்தம் கலந்த பசை பச்சையாக எரிந்தது. நான் அழுதேன். அத்தை அடுப்பைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா டாக்டரைக் கூட்டிவரப் போன பிறகு அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஈரத்துணியை நெற்றியில் போட்டாள். வந்தவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டாள். புருவத்தில் வெட்டு இருந்தது என்றேன். அவள் கை என் நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"வேற என்ன கேட்டாரு?"

"எல்லாரும் நல்லா இருக்காங்களான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. கதவைச் சாத்திட்டேன்."

அத்தை துணியை எடுத்து மறுபடி நனைத்துப் பிழிந்து போட்டாள். போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போனாள். வெகுநேரம் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது. தொட்டி நிறைந்து வழிந்த பிறகும் இறைத்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டு நாளாகியும் டாக்டரின் மிக்சர் மருந்துக்குக் காய்ச்சல் கேட்காமல், பக்கத்து வீட்டார் சொன்னதன் பேரில் என்னைத் தர்காவுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே இருந்த பெரியவர் தண்ணீர் ஓதி என் முகத்தில் தெளித்தார். கொஞ்சம் குடிக்கவும் கொடுத்தார். பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கிறது என்று அப்பா சொன்னபோது அவர் என் கண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பேயெல்லாம் இல்லீங்க. மனுசனைத்தான் பார்த்திருக்கு" என்றார். அப்பா தலையை ஆட்டினார், ஆனால் அது அவர் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகப் பேய் என்றே எல்லோரிடமும் சொன்னார். அம்மா தம்பியோடு வந்து இறங்கியபோது அவளிடமும் அப்படியே சொன்னார். அப்பாவைக் குறை சொல்லி இனி என்ன ஆகப்போகிறது? நான்தான் அவருக்கு அந்தப் பெயரைக் கொடுத்தேன்.

காய்ச்சல் விட்ட மறுநாள் மத்தியானம் அத்தை பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர் எடுத்து, மேலே டம்ளரைக் கவிழ்த்து, வாசற்படியில் வைத்தாள். அதற்கு அடுத்த நாளும் வைத்தாள். இது என்ன புதுப் பழக்கம் என்று அப்பா கேட்டார்.

"பிள்ளை பயந்துச்சில்ல அண்ணே. தண்ணி வெச்சிட்டா, வந்தது வாசலோட போயிரும்னு சொல்றாங்க."

அப்பா அதோடு விட்டுவிட்டார். பரிகாரம் என்றால் நம் வீடுகளில் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.

எனக்குத்தான் அது நரகமாக இருந்தது. லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வருவேன். வாசலிலேயே அத்தை நிற்பாள். படியில் இருக்கிற அந்தச் செம்பை எடுத்து என் கையில் கொடுத்து, "வெயில்ல வந்திருக்க, முதல்ல இதைக் குடி" என்பாள். பேய்க்கு வைத்த தண்ணீரை நான் குடிப்பதா? அவன் எச்சில் பட்டிருந்தால்? முதல் நாள் வாந்தியே வந்தது. அத்தை விடவில்லை, செம்பு காலியாகிறவரை நின்று பார்த்தாள். புத்தகத்தை எரிக்கவைத்ததற்கு அத்தை என்னைப் பழிவாங்குகிறாள் என்று நினைத்தேன். நாலைந்து மாதத்தில் பழகிவிட்டது. லீவு நாளிலும் உச்சிவேளையில் தண்ணீர் வரும். தாகம் எடுக்கிறது என்று நான் நினைப்பதற்குள் செம்பு எதிரே இருக்கும்.

பதினாறு வயதில் என்னவோ சர்டிபிகேட் தேடி அத்தையின் டிரங்குப் பெட்டியைக் குடைந்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே ஒரு கல்யாணப் போட்டோ. அத்தை, இளம் பெண்ணாக, கேமராவுக்குப் பயந்த கண்களோடு. பக்கத்தில் மாலையும் கழுத்துமாக ஒடுங்கிய முகம். இடது புருவத்தைக் குறுக்கே பிளந்த வெட்டு.

போட்டோவை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன். அன்றைக்குத்தான் அம்மாவைத் துளைத்துத் துளைத்து மீதியைத் தெரிந்துகொண்டேன். மாமா நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். அத்தைக்குப் பிரசவம் ஆனபோது அவர் கம்பெனியோடு எங்கோ முகாமில் இருந்தார், தந்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. பதினைந்து நாள் கழித்து அவர் வந்தபோது அப்பா வாசலில் மறித்து நின்று, என் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல்லை மாமா அத்தனை வருஷம் காப்பாற்றினார். அதனால்தான் படிக்கு வெளியே மண்ணில் நின்றார்.

அம்மா சொல்லி முடித்ததும் மறுபடி பெட்டியிடம் வந்தேன். அத்தை அங்கே நின்றிருந்தாள். போட்டோவை என் கையிலிருந்து வாங்கி, முந்தானையால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நான்தான் துரத்தினேன் அத்தை, பானை நிறையத் தண்ணீர் இருந்தது அத்தை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் செம்பைக் கொண்டுவந்து நீட்டினாள். குடித்தேன். அதற்குப் பிறகு என் ஆயுளில் அந்தப் பேச்சை நான் எடுக்கவே இல்லை. இதைவிடக் கோழைத்தனமான காரியம் எதையும் நான் செய்ததாக நினைவில்லை.

அடுத்த வருஷம் ஒரு கார்டு வந்தது. கம்பெனிக்காரர் யாரோ எழுதியிருந்தார். மாமா தெற்கே எங்கோ ஒரு முகாமில் காய்ச்சலில் போய்விட்டார், போயும் நாலு மாதமாகிறது, விலாசம் இப்போதுதான் கிடைத்தது என்று. அத்தை தலை முழுகினாள். அப்பா கூடத்தில் தூணோடு சாய்ந்து உட்கார்ந்தவர் மறுநாள்வரை எழுந்திருக்கவில்லை. அத்தையிடம் ஏதோ சொல்ல அவருக்கும் வாய் வந்து வந்து போனது. அந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேரும் ஒரே ஜாதி.

செம்பு இனிமேல் படிக்கு வராது என்று நினைத்தேன். அதற்குள் எனக்குப் புரிந்திருந்தது, பேய்க்கும் இல்லை, பரிகாரமும் இல்லை, என்றைக்காவது அவர் மறுபடி வந்தால் என்றுதான் அத்தை தண்ணீர் வைக்கிறாள் என்று. இனி வருவதற்கு ஆள் இல்லை. ஆனால் மறுநாள் உச்சிவேளையில் படியில் செம்பு இருந்தது. அத்தை அதை எடுத்து வழக்கம்போல என் கையில் கொடுத்தாள். நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும்தான் இல்லை. என் கல்யாணத்தன்றுகூட, தாலி ஏறி மற்றவர்கள் பந்திக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, அத்தை சமையற்கட்டுப் பக்கமிருந்து ஒரு செம்போடு வந்தாள். விதவை மணமேடைப் பக்கம் வரக்கூடாது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் காதில் வாங்கவில்லை. நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள்.

அத்தை எண்பது தாண்டி இருந்துவிட்டுப் போனாள். அவள் பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். போட்டோ இருந்தது. கோல நோட்டுகள் மூன்று இருந்தன. பத்திரிகைகளில் வந்த கோலங்களை வெட்டி ஒட்டி வைப்பாள், உங்கள் வீட்டிலும் ஒருவர் செய்திருப்பார். ரெண்டாவது நோட்டில் ஒரு மார்கழிக் கோலம், பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி எட்டு வரை. நாலு மூலையில் மட்டும் பசை வைத்து ஒட்டியது, ஒரு பக்கம் விட்டுப்போய்த் தூக்கிக்கொண்டு நின்றது. அமுக்கிவிடலாம் என்று விரல் வைத்தபோது பின்பக்கம் அச்செழுத்து தெரிந்தது. அதற்குக் கீழே கவிழ்த்த செம்பு, சின்னதாக.

ஒரு நிமிஷம் எனக்குப் பத்து வயதாகிவிட்டது. கோலத்தை மெல்ல உரித்துத் திருப்பினேன்.

கத்தரிக்கோல் ஓர எழுத்துகளைத் தின்றிருந்தது. ஊகித்துக்கொண்டு படித்தேன். கதவைச் சாத்திய பெண்ணுக்கு அன்று பொழுது சாய்வதற்குள் தாகம் எடுக்கிறது. குடம் குடமாகக் குடிக்கிறாள், தீரவில்லை. கிணறு தீர்கிறது, தாகம் தீரவில்லை. தண்ணீர் கொடுத்தவர்கள் ஏதோ ஒன்றைத்தான் இழந்தார்கள், கொடுக்காதவளுக்கு உச்சிவேளைக்காரனின் தாகமே வந்து சேர்கிறது. அது கேட்டு வாங்கிய தண்ணீரில் அடங்காது. கேட்பதற்கு முன்பாக ஒருவர் தானாக எடுத்துவந்து கொடுத்தால் அன்றைக்கு ஒரு பொழுது அடங்கும். அப்படிக் கொடுக்க அவளுக்கு யாரும் இல்லை. ஒரு நாள் உச்சிவேளையில் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு அவள் தெருவில் இறங்குகிறாள், யார் வீட்டு வாசலிலாவது நின்று கேட்க. அவ்வளவுதான். செம்பு.

அந்தத் தாளை அத்தை வெட்டியது கோலத்துக்காகவா, அந்த முடிவு புத்தகத்தில் இருக்க வேண்டாம் என்றா, எனக்குத் தெரியாது. அது புத்தகத்தில் இருந்திருந்தால் அன்றைக்கு நான் பானையோடு ஓடிப்போய் மாமாவுக்குத் தண்ணீர் கொடுத்திருப்பேன். இதை அத்தை நினைக்காமல் இருந்திருப்பாளா? கிணற்றடியில் தொட்டி வழிய வழிய இறைத்தபோதே நினைத்திருப்பாள். புருஷன் வாசல்வரை வந்து திரும்பிப் போன துக்கம் ஒரு பக்கம். அவரைத் திருப்பி அனுப்பிய பிள்ளை உள்ளே தாகம் தாகம் என்று பிதற்றிக்கொண்டு கிடக்கிறது. கதையை அவள் நம்பினாளோ என்னவோ. முடிவு தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இப்போது பன்னிரண்டு மணி அடித்தால் மகளைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்கிறேன். அவள் நல்ல பெண், கேட்டதும் கொண்டுவருகிறாள். குடிக்கிறேன், அடங்கவில்லை. எனக்கு விவரம் தெரிந்த நாள் முதல் கல்யாணமாகி அந்த வீட்டுப் படி இறங்கிய நாள்வரை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகு அத்தை ஒரு நாள்கூட என்னைத் தண்ணீர் கேட்க விட்டதில்லை.